வானவழியும் கணக்கும்

மண்ணில் நடப்போனுக்கு மைல்கல்லும் மரமும் மலையும் வழிகாட்டும். முகிலின் மேலும் இருளினூடும் பறப்போனுக்கு இவை தோன்றா. கடலில் கலம் செலுத்துவோனைத் தமிழர் மீகாமன் என்றனர். அவன் விண்மீனையும் காற்றையும் நோக்கி வழியறிந்தான். வானூர்தி செலுத்தும் விமானியோ திசைகாட்டி, கடிகாரம், வேகமானி, நிலப்படம் ஆகிய நான்கையும் துணைக்கொண்டான். வேகத்தை நேரத்தால் பெருக்கினால் கடந்த தொலைவு கிடைக்கும். அதனைப் படத்திற் குறித்துத் தான் இருக்குமிடத்தைத் துணிந்தான்.

1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சற் பைகளுடன் சிறு விமானத்திற் பறந்தார். அவற்றுட் சிலவற்றை நெவில் வின்சென்ட் என்னும் விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தார். வானொலியின் துணையும் இல்லாத அப்பயணத்திற்குக் கணக்கே கண்ணாயிற்று.

காற்று இக்கணக்கைக் கலைக்கும் தன்மையது. தருமபுரி மாவட்டத்து ஏரியூரை நோக்கி, 60 கிலோமீட்டர் வடக்கிலிருந்து, மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விமானம் வருவதாகக் கொள்வோம். 20 நிமிடத்தில் அஃது ஊரை அடைதல் வேண்டும். மேற்கிலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திற் காற்று வீசினால், நேர் தெற்கே முகம் வைத்த விமானம் 10 கிலோமீட்டர் கிழக்கே ஒதுங்கிவிடும். ஒகேனக்கல்லில் பரிசலோட்டுவோர் நீரின் இழுப்பை எண்ணி மேல்நோக்கித் துடுப்பிடுவதுபோல், விமானியும் ஏறத்தாழ 10 பாகை மேற்கே முகத்தைத் திருப்பிச் செலுத்துவான். இக்கோணத்தை விரைந்தறிய உதவும் வட்டக் கணக்குச்சட்டம் இன்றும் விமானம் பயில்வோர் கையில் உள்ளது.

இனி, வெள்ளம் சூழ்ந்த ஊரொன்றில் உணவு மூட்டையை இடுவதாகக் கொள்வோம். விமானம் 490 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 50 மீட்டர் விரைவிற் செல்கிறது. மூட்டை நிலத்தை அடைய 10 நொடி ஆகும். அந்நேரம் முழுவதும் அது விமானத்தின் விரைவுடன் முன்னோக்கியும் செல்லும். ஆதலின், காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், ஊருக்கு 500 மீட்டர் முன்னரே அதனை விடுதல் வேண்டும். ஒரு நொடி பிழைப்பின் 50 மீட்டர் தவறும். பசித்தோர்க்குரிய உணவு வெள்ளத்தில் வீழும்.

குண்டு வீழ்வதும் இக்கணக்கின்படியே. 1941இல் ஆங்கிலேயர் தம் இரவுத் தாக்குதல்களை ஒளிப்படங்களால் ஆய்ந்தனர். இலக்கைத் தாக்கினோம் என்று கூறிய விமானங்களுள் மூன்றில் ஒன்றே அதற்கு 5 மைல் தொலைவிற்குள் சென்றிருந்தது. ஏனைய குண்டுகள் எவ்வயலிலும் எவ்வூரிலும் வீழ்ந்திருத்தல் கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பிழையை மண்ணிலேயே திருத்திக்கொள்ளப் பயிற்சிப் பொறிகள் எழுந்தன. அமெரிக்கராகிய எட்வின் லிங்க், இசைப்பேழை செய்யும் தந்தையின் பட்டறையிற் கற்ற துருத்தி நுட்பத்தைக் கொண்டே, 1929இல் பறவாத விமானம் ஒன்றைச் செய்தார். அதனுள் அமர்ந்து எண்ணற்ற விமானிகள் பயின்றனர். அங்குப் பிழைத்தோர் உயிரிழக்கவில்லை, மீண்டும் முயன்றனர். இக்காலத்துக் கணினியிற் பழைய போர்விமானங்களைப் போலப் பறந்து பயிலும் இளைஞரும், விரும்பினால், அட்டவணையும் கோணமானியும் கொண்டு கையாற் கணக்கிட்டே இலக்கை அடைகின்றனர்.

மாணவர்களே! இன்று செயற்கைக்கோள் இருக்குமிடத்தை நொடியில் உணர்த்துகிறது. எனினும் கருவி தந்த விடை சரியோ பிழையோ என்று காண்பவன் கணக்கறிந்தவனே. உணவிடவும் ஊரழிக்கவும் கணக்கு ஒன்றே. அதனை எதற்குப் பயன்படுத்துவது என்பதைத் துணிவது மனிதன் கடமையாகும்.