கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கலாம், கோப்புகளை இழக்காமல்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனதிலிருந்து, சங்கத்துக்கு வரும் அன்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "வீட்டு கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் போகிறது. புதிதாக வாங்க வேண்டுமா, உள்ளே ஏதாவது மாற்றினால் போதுமா?" பெரும்பாலும் மாற்றினால் போதும். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஓர் எஸ்.எஸ்.டி. போட்டு, ராமைக் கூட்டினாலே வித்தியாசம் தெரியும். ஹார்டு டிஸ்க் வினாடிக்கு 100 முதல் 150 மெகாபைட் படிக்கிறது என்றால், சாட்டா வகை எஸ்.எஸ்.டி. ஏறக்குறைய 500 படிக்கும்.

உதிரி பாகம் கெட்டால் லாமிங்டன் ரோட்டில் வேறு வாங்கிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் கோப்புகளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

என் நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். கம்ப்யூட்டரை ஒரு கடையில் கொடுத்தார். "டேட்டா எந்த டிரைவில்?" என்று பையன் கேட்டான். "டி டிரைவில்" என்றார் இவர். பையன் 'சி'யை ஃபார்மட் செய்துவிட்டான். பையன் மேல் தவறில்லை. டெஸ்க்டாப்பில் கண்ணுக்கு நேரே தெரியும் கோப்புகள் 'சி'யில்தான் இருக்கின்றன என்பது நண்பருக்குத் தெரியாது. அவர் தாயார் சொல்லச் சொல்ல 1998-லிருந்து தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறு அந்த டெஸ்க்டாப்பில் இருந்தது. அந்தக் கதையின் மிச்சத்துக்குப் பிறகு வருகிறேன்.

ரயில்வேயில் பழைய பாலத்தின் கர்டரை மாற்றும்போது, புது கர்டரைப் பக்கத்திலேயே சாரம் கட்டித் தயாராக நிறுத்திய பிறகுதான் 'பிளாக்' கேட்போம். இங்கேயும் அதே முறைதான். நகல் எடுத்து, சரிபார்த்து, அதன் பிறகே ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும்.

எதையெல்லாம் நகல் எடுப்பது? டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் 'சி' டிரைவில் 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டரில் உங்கள் பெயரின் கீழ் இருக்கும். அந்த ஃபோல்டரை முழுதாக எடுங்கள். அதற்குள்ளேயே 'ஆப்டேட்டா' என்று ஒன்று மறைந்திருக்கும். தண்டர்பேர்டு போன்ற மென்பொருளின் அஞ்சல்கள், பிரவுசரின் புக்மார்க்குகள் அதில்தான். கணக்கு எழுதும் மென்பொருளுக்கு அதன் உள்ளேயே பேக்கப் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஒன்டிரைவ் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: கோப்பின் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அது உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. முதலில் அதை இறக்கிக்கொள்ள வேண்டும்.

நகலை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுப்பது நல்லது. பழைய பென் டிரைவ் 'ஃபேட் 32' முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கல்யாண வீடியோ ஏறாது. யூ.எஸ்.பி. 3 துளை இருந்தால் அதில் செருகுங்கள். பழைய யூ.எஸ்.பி. 2 வழியாக 500 ஜி.பி. ஏற 4 மணி நேரத்துக்குக் குறையாது. (1 டெராபைட் என்று வாங்கிய டிஸ்க்கில் விண்டோஸ் 931 ஜி.பி. மட்டுமே காட்டுகிறதே என்று கடைக்காரருடன் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.)

நகல் முடிந்ததும் இரண்டு ஃபோல்டரிலும் 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்து, கோப்புகளின் எண்ணிக்கையும் பைட் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 'சைஸ் ஆன் டிஸ்க்' என்ற எண் மாறுபடலாம், அது டிஸ்க்குக்கு டிஸ்க் வேறுபடும். பிறகு அந்த வெளி டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். இந்த அரை மணி நேர வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இனி வன்பொருள். ராம் மாற்றுவதால் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால், பொருந்தாததை அழுத்தித் திணிக்காமலிருந்தால் சரி. எஸ்.எஸ்.டி.யில் எம்.2 என்ற சிறு பட்டை வடிவம் வாங்குவதானால், மதர்போர்டு ஏற்பது சாட்டாவா என்.வி.எம்.ஈ.யா என்று அதன் கையேட்டில் பாருங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். பழைய கம்ப்யூட்டருக்கு இரண்டரை அங்குல சாட்டா வகையே தொல்லை இல்லாதது.

பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் படியெடுக்க குளோனிங் என்ற முறை உண்டு. குளோன்ஸில்லா போன்ற இலவச மென்பொருள்கள் செய்யும். இதில் ஓர் ஆபத்து: எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால், காலி டிஸ்க் உங்கள் நிறைந்த டிஸ்க்கின் மேல் படிந்துவிடும். இரண்டும் 500 ஜி.பி. என்றால் திரையில் குழப்பம்தான். இரண்டின் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் முன்கூட்டியே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் முதல் தடவை இயக்க வேண்டும். விண்டோஸைப் புதிதாகப் போடுவதாயிருந்தாலும் அந்த நேரத்தில் பழைய டிஸ்க் இணைப்பில் இருக்கக் கூடாது. இணைப்பில் இல்லாததை யாராலும் தவறுதலாக ஃபார்மட் செய்ய முடியாது.

பழைய டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் குளோனிங் வேண்டாம். முக்கியமான கோப்புகளை முதலில் எடுத்துவிடுங்கள்.

மதர்போர்டையே மாற்றுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பிட்லாக்கர் பூட்டு இயங்கிக்கொண்டிருந்தால், புது போர்டில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் டிஸ்க் நன்றாக இருந்தும் ஒரு கோப்பும் கிடைக்காது. பல லேப்டாப்புகளில் இந்தப் பூட்டு நமக்குத் தெரியாமலே இயங்குகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். இரண்டாவது, பயோஸ் திரைகளை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் கன்ட்ரோலர் ஏ.ஹெச்.சி.ஐ. முறையில் இருந்ததா ரெய்டு முறையில் இருந்ததா என்பது மாறிவிட்டால், விண்டோஸ் எழுந்திருக்காமல் போகலாம்.

கடைசியாக, நம் தமிழ் சமாச்சாரம். நண்பர் அந்தக் குடும்ப வரலாற்றை 2003-ல் ஒரு சி.டி.யில் பதிந்து வைத்திருந்தார். ஓடிப்போய் எடுத்து வந்து திறந்தோம். பக்கம் முழுவதும் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள்! யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித்தான் டாம், டாப் என்று பொது முறைகள் வந்தன. எழுத்துரு இல்லாமல் அந்தக் காலத்துக் கோப்பைப் படிக்க முடியாது. அந்த எழுத்துருவோ 'சி' டிரைவில் விண்டோஸின் 'ஃபாண்ட்ஸ்' ஃபோல்டரில் இருந்தது, கோப்போடு சேர்ந்து போய்விட்டது. ஆகவே பழைய தமிழ்க் கோப்பு வைத்திருப்பவர்கள் எழுத்துருக்களையும் நகல் எடுங்கள். முடிந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

நல்லவேளையாக, அதே எழுத்துரு இன்னொரு அன்பர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் அகப்பட்டது. நாற்பது பக்கம் திரும்பக் கிடைத்தது. 2003-க்குப் பிறகு அம்மா சொல்லிச் சேர்த்தவை கிடைக்கவில்லை. கேட்டு எழுத அம்மா இப்போது இல்லை.

கழற்றிய பழைய டிஸ்க்கை உடனே விற்றுவிடாதீர்கள். தேதி எழுதி ஒட்டி, மூன்று மாதமாவது பீரோவில் வையுங்கள். விட்டுப்போனது எது என்பது அதற்குள் நினைவுக்கு வந்துவிடும்.