ஜகதீஷ் சந்திர போஸ்: சம்பளம் வாங்காமல் பாடம் நடத்தியவர்

போன செமஸ்டர் மைக்ரோவேவ் ஆய்வுக்கூடத்தில் 'ஹார்ன் ஆண்டெனா'வைக் கையில் எடுத்தபோது, இதை முதலில் செய்தவர்களில் ஒருவர் நம்மவர் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பாடநூலிலும் அவர் பெயர் இல்லை.

போஸ் 1858-இல் வங்காளத்தில் பிறந்தவர். தந்தை அரசு அதிகாரி. ஆனாலும் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல், முதலில் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். மீனவர் மகன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார் போஸ்.

முதல் போராட்டம்

இங்கிலாந்தில் படித்துத் திரும்பி, 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியரை விட இவருக்குச் சம்பளம் குறைவு. சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. மூன்று வருஷம் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது.

சின்ன அலை, பெரிய வேலை

ஹெர்ட்ஸ் உருவாக்கிய மின்காந்த அலைகள் நீளமானவை. அவை ஒளியைப் போலவே நடக்கின்றனவா என்று சோதிக்க பெரிய பெரிய கருவிகள் வேண்டும். போஸ் அலையையே சுருக்கிவிட்டார்: சுமார் 5 மில்லிமீட்டர், அதாவது 60 கிகாஹெர்ட்ஸ். கருவிகள் மேசைமேல் அடங்கிவிட்டன. ரயில் நேர அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கு நடுவே வெள்ளீயத் தாள் செருகி, அதையே அலையை வடிகட்டும் கருவியாக்கினார்! 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவரைத் தாண்டிச் சென்ற அலையால் மணி அடிக்க வைத்து, வெடிமருந்தையும் பற்ற வைத்தார்.

காப்புரிமை வேண்டாம்

அறிவை விற்கக்கூடாது என்பது அவர் கொள்கை. ஒரு தந்தி நிறுவன முதலாளி பணத்தோடு வந்து கேட்டும் மறுத்தார். சாரா புல் அம்மையாரும் விவேகானந்தரின் சீடர் சகோதரி நிவேதிதையும் வற்புறுத்தியதால்தான் கலீனா படிக உணர்கருவிக்கு விண்ணப்பித்தார். 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதை வைத்தும் அவர் சம்பாதிக்கவில்லை. பிறகு செடிகளின் வளர்ச்சியை அளக்கும் கிரெஸ்கோகிராஃப் செய்தார். 1917-இல் போஸ் ஆய்வு நிலையத்தை நிறுவினார். 1937-இல் மறைந்தார்.

உண்மையைச் சொன்னால், அவர் மறுத்தது சரியா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். பதிவு செய்யாத உழைப்பை உலகம் சீக்கிரம் மறந்துவிடுகிறதே! ஆனால் நல்ல ஆய்வுக்கூடம் இல்லை என்று அவர் ஒருநாளும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. அதில் எனக்குக் குழப்பமே இல்லை.

கலந்துரையாட:
1. நீங்கள் போஸ் இடத்தில் இருந்தால் காப்புரிமை எடுப்பீர்களா? ஏன்?
2. அநியாயம் நடக்கும்போது, வேலையை நிறுத்தாமலே எதிர்ப்பது எப்படி?