உறக்கம் நாடி உண்ணும் மாத்திரை



முதுமையில் உறக்கம் குறைவது பலர்க்கும் உள்ளதே. வெளிநாட்டில் வாழும் என் பேரன் அதற்கெனப் புட்டி ஒன்றைத் தந்து சென்றான். 'மெலடோனின் 10 மில்லிகிராம்' என்றிருந்தது. உண்ணுமுன் கற்றறிந்ததை ஈண்டுப் பாடமாகத் தருகின்றேன்.

மெலடோனின், மூளையிலுள்ள பினியல் சுரப்பி இருளில் சுரப்பது. 1958இல் அமெரிக்க மருத்துவர் ஆரன் லெர்னர் இதனைப் பிரித்தறிந்தார். இது மயக்க மருந்தன்று. இரவு வந்ததென உடலுக்கு உணர்த்தும் தூது. விளக்கொளியும் கைபேசி ஒளியும் அச்சுரப்பைத் தடுக்கும்.

பெரியோர்க்கு 1 முதல் 3 மில்லிகிராமே பெரும்பாலும் போதும். உறங்குவதற்கு 1 அல்லது 2 மணி முன்னர் உண்பர். இரத்தம் உறையாமைக்கும், வலிப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கும் மருந்துண்போர் மருத்துவரைக் கேளாது தொடலாகாது. பிற தூக்க மாத்திரைகளோடு சேர்த்தலும் தீது. தலைசுற்றி முதியோர் இரவில் விழக்கூடும். குழந்தைகட்கு நாமாகத் தருதல் கூடாது.

புட்டியில் எழுதிய அளவையும் முற்றும் நம்பலாகாது. 2023இல் அமெரிக்காவில் 25 வகை மெலடோனின் மிட்டாய்களை ஆய்ந்தபோது, 22இல் அளவு பொருந்தவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை.

நமக்கு மேலும் இரண்டு உண்டு. குளிகையின் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். தாவர உறையோ, வெறும் மாத்திரையோ கேட்டுப் பெறுக. பொழுது சாய்ந்தபின் உண்ணா விரதமுடையோர் அதனை மருத்துவரிடம் முதலிலேயே கூறுக.

என் புட்டியின் உறையும் ஜெலட்டினே, திறக்கவில்லை. பகலுறக்கம் விடுத்தேன், காலை வெயிலில் நடந்தேன், இரவு ஒன்பதுக்கு விளக்கணைத்தேன். உறக்கம் மெல்லத் திரும்பிற்று. அவ்வாறு திரும்பாதோர் மருத்துவரை நாடுக. பிறர் தந்த புட்டியை நாடற்க.

— ஓய்வு பெற்ற ஆசிரியை, வேங்கிக்கால்