பழைய வீணை வாங்கும் முன்: ஒலிப் பாடத்திற்கு ஒரு களப்பணி

எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒலியைப் பற்றிய பாடத்தில் இசைக்கருவிகள் வரும் இடத்தை நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். நரம்புக் கருவி, காற்றுக் கருவி, தோல் கருவி என்று பிரித்து, வீணையை முதல் வரிசையில் எழுதச் செய்தால் வேலை முடிந்தது. எங்கள் பள்ளியில் இந்தப் பாடத்தை இரண்டு பழைய வீணைகளை வைத்து நடத்த ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

கலைத் திருவிழாவில் கருவியிசையைக் கேட்டுவிட்டு, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீணை கற்கத் தொடங்கியிருந்தாள். வகுப்பில் இருக்கும் ஒரே வீணையில் நான்கு பேர் மாறி மாறி வாசிக்க வேண்டும். அவளுடைய அம்மா சீட்டு எடுத்த பணத்தில் பழைய வீணை ஒன்று வாங்கித்தர முடிவு செய்தார். நான் சிறு வயதில் சில ஆண்டுகள் வீணை கற்றவள் என்பதால், "டீச்சர், நீங்க ஒரு தடவை பாத்துச் சொன்னா போதும்" என்றார். விலைக்கு வந்த இரண்டு வீணைகளுமே உள்ளூரில் இருந்தன. உரிமையாளர்கள் ஒரு நாள் பள்ளிக்குக் கொண்டுவரச் சம்மதித்தார்கள். ஒன்று புது மெருகு பூசிப் பளபளத்தது. மற்றொன்றில் கம்பிகள் கறுத்து, மெழுகு உடைந்து, மூன்று மெட்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. அம்மாவின் கண் முதல் வீணையை விட்டு நகரவில்லை.

தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் ஆனது. குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. விலைக்கு வரும் பழைய வீணைகளில் ஒட்டு வீணைகளே மிகுதி. ஏழு கம்பிகளின் இழுவிசையையும் ஆண்டுக்கணக்கில் தாங்கி நிற்பவை அந்த ஒட்டுகள்தாம். எனவே பார்வை முதலில் போக வேண்டிய இடம் குடமும் தண்டியும் சேரும் ஒட்டு. அங்கே கைப்பேசி விளக்கை நேராக அடிக்காமல் சாய்வாக அடித்துப் பார்க்கச் சொன்னேன். மெருகில் மட்டும் வெடிப்பு என்றால் நகத்தை ஓட்டினால் வழுக்கிப் போகும். மரத்தில் வெடிப்பு என்றால் நகம் மாட்டும். பளபளத்த வீணையின் ஒட்டில் நகம் மாட்டியது. பழைய வீணைக்குப் புது மெருகு பூசுவது குற்றமல்ல. ஆனால் மெருகு எதை மூடியிருக்கிறது என்று தேடாமல் பணத்தை எடுக்கக் கூடாது.

அடுத்தது தண்டி நேராக இருக்கிறதா என்பது. மேருவிலிருந்து குதிரை வரை ஒரு நூலை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு மெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை மாணவர்கள் குறித்தார்கள். குடத்தை நோக்கிப் போகப் போக இடைவெளி சற்றுக் கூடுவது இயல்பு. அளவுக்கு மேல் கூடினால் தண்டி மேல் நோக்கி வளைந்திருக்கிறது, அல்லது ஒட்டு விட்டுக்கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட வீணையில் மேல் ஸ்தாயியில் கம்பியை அழுத்தவே பிஞ்சு விரல்கள் வலிக்கும். ஒட்டைப் பிரித்துச் சேர்ப்பது பெரிய வேலை, பெரிய செலவு.

இந்தச் சோதனைகளைக் கம்பிகள் தளர்ந்து கிடக்கும்போது செய்து பயனில்லை. சுருதிக்கு ஏற்றி, குறைந்தது சில மணி நேரமாவது வைத்த பிறகே வீணை தன் உண்மையைச் சொல்லும். தளர்ந்த கம்பியோடு காட்டி, "வீட்டுக்குப் போய் ஏத்திக்கோங்க" என்பவரிடம் அங்கேயே ஏற்றித் தரச் சொல்ல வேண்டும். ஏற்றும்போதே பிரடைகளின் நிலையும் தெரிந்துவிடும். வழுக்கும் பிரடைக்குச் சுண்ணக்கட்டிப் பொடி தடவினால் போதும். நம்மிடம் அதற்குப் பஞ்சமில்லை! துளையே தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் பொடி உதவாது.

மண்பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதுபோல் குடத்தையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தோம். முழங்கினால் நல்லது. கூடவே ஓர் அதிர்வுச் சத்தம் வந்தால் மேல்பலகை எங்கோ விட்டிருக்கிறது. "டீச்சர், உள்ள ஏதோ கடகடங்குது" என்று பின்வரிசை மாணவன் ஒருவன்தான் முதலில் சொன்னான். அறிவியல் தேர்வில் பத்து மதிப்பெண் எடுக்கத் திணறுகிறவன். ஒத்ததிர்வு என்ற சொல்லை அன்று அவனை வைத்தே விளக்கினேன். பிறகு வீணையின் கீழே வெள்ளைத்தாள் விரித்துத் தட்டினோம். மரத்தூள் விழுந்தால், அதுவும் புதிதாய் வெளுப்பாய் விழுந்தால், உள்ளே பூச்சி இன்னும் வேலை செய்கிறது என்று பொருள். இரண்டிலும் விழவில்லை.

கணித ஆசிரியர்களுக்கு உரிய பகுதி மெட்டுகள். வீணையில் 24 மெட்டுகள், ஸ்தாயிக்கு 12. இந்த அமைப்பு தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் வந்தது என்பது மரபுச் செய்தி. சாரணிக் கம்பியின் நீளம் மேருவிலிருந்து குதிரை வரை 84 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 12ஆம் மெட்டிலிருந்து குதிரை வரை அதில் பாதி, 42 செ.மீ.; பஞ்சமம் ஒலிக்கும் 7ஆம் மெட்டில் மூன்றில் இரண்டு பங்கு, 56; மத்தியமம் ஒலிக்கும் 5ஆம் மெட்டில் நான்கில் மூன்று பங்கு, 63. மாணவர்கள் அளந்தபோது சற்றுக் கூடுதலாகவே வந்தது. "தப்பா வருது டீச்சர்" என்றார்கள். தவறில்லை. மெட்டில் அழுத்தும்போது கம்பியின் இழுவிசை கூடி ஒலி சற்று ஏறுகிறது. அதை ஈடுகட்டவே மெட்டைச் சிறிது தள்ளி வைக்கிறார்கள். எனவே இறுதித் தீர்ப்பு அளவுகோலுக்கு இல்லை, காதுக்குத்தான். கம்பியின் சரிநடுவில் விரலை அழுத்தாமல் தொட்டு மீட்டி, உடனே விரலை எடுத்தால் மேல் ஷட்ஜம் கேட்கும். 12ஆம் மெட்டில் அழுத்தி மீட்டும்போது வரும் ஒலி அதனோடு சேர வேண்டும். சேராவிட்டால் முதலில் கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும்; பழைய கம்பியும் பொய் சொல்லும்.

மெழுகு உடைந்த வீணையில் பல மெட்டுகள் சேரவில்லை. ஆனால் அது குறையே அல்ல. மெட்டுகள் தேன்மெழுகில் கரி கலந்த கலவையில் பதிந்தவை. மெழுகு காய்ந்து உடைவதும் வெயிலில் இளகுவதும் இயல்பு. பயன்பாட்டில் உள்ள எந்த வீணைக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளம் கட்டியாக வேண்டும். கம்பி தேய்த்த பள்ளங்கள் மெட்டில் இருந்தாலும், குதிரையின் உலோகத் தகட்டில் தடம் விழுந்திருந்தாலும் சரிசெய்துவிடலாம். சுரைக்காயைப் பற்றிக் கவலையே வேண்டாம். கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம்.

கரும்பலகையில் இரண்டு பத்திகள் வரைந்தோம்: சரிசெய்யக் கூடியவை, கூடாதவை. கண்டதை ஒவ்வொரு குழுவும் உரிய பத்தியில் எழுதியது. மெழுகு உடைந்த வீணையின் எட்டுக் குறைகளும் முதல் பத்தியில் விழுந்தன. பளபளத்த வீணைக்கு இரண்டே குறைகள்: ஒட்டில் வெடிப்பு, மேல்பலகையில் அதிர்வு. இரண்டும் அடுத்த பத்தியில். அம்மா பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பாக்க அழகா இல்லையே டீச்சர்" என்று மட்டும் கேட்டார். மகள் அதற்குள் கறுத்த கம்பிகளை விரலால் துடைக்கத் தொடங்கியிருந்தாள்.

விலை பேசும்போது மேளம் கட்டும் கூலி, புதுக் கம்பிகள், வண்டிச் செலவு மூன்றையும் கூட்டி, அந்தத் தொகையை விற்பவர் கேட்ட விலையிலிருந்து கழித்துத்தான் பேசச் சொன்னேன். அந்தக் கழித்தலையும் மாணவர்களே போட்டார்கள். உங்கள் ஊரில் வீணை இல்லாவிட்டால் ஆர்மோனியமோ மிருதங்கமோ போதும். எதுவானாலும், உரிமையாளரின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். கம்பியை ஏற்றும் வேலையை மட்டும் மாணவர்களிடம் விடாதீர்கள். அறுந்த கம்பி முகத்தில் அடிக்கும்.