புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் கவனிக்க வேண்டியவை

1954-ஆம் ஆண்டில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியபோது, இந்நோய் தீரும் என்று நம்பியவர் சிலரே. இன்றோ, தொடக்கத்திலேயே கண்டறியப்பெற்ற பலர் குணமடைந்து ஊர் திரும்புகின்றனர். ஆயினும், ஊர் திரும்பியதோடு கவனிப்பு முடிந்துவிடுவதில்லை. வாய்ப்புற்று, மார்பகப் புற்று ஆகிய இரண்டைக் கொண்டு இதனை விளக்குவோம்.

மறு பரிசோதனை

வாய்ப்புற்று திரும்புமானால், பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் தலைகாட்டும். மார்பகப் புற்று பத்தாண்டு கழிந்தும் திரும்பக்கூடும். ஆகையால், அறுவடைக் காலமாயினும் மருத்துவர் குறித்த நாளில் செல்லுதல் அவசியமாகும். சிகிச்சைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துக. மருத்துவமனைச் சான்றிதழ் காட்டினால் ரயில் கட்டணச் சலுகையும் உண்டு.

வாய்ப்புற்று

கதிர்வீச்சினால் உமிழ்நீர் குறைந்து பற்கள் சொத்தையாகும், தாடை இறுகும். எனவே நாள்தோறும் பலமுறை வாயைத் திறந்து மூடிப் பழகவேண்டும். அடிக்கடி சிறிது நீர் பருகுவதும், காரமில்லாத கேழ்வரகுக் கூழ், குழைந்த சோறு ஆகியவற்றை உண்பதும் நலம். பல் பிடுங்குமுன் கதிர்வீச்சு பெற்றதைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் கூறவேண்டும். இல்லையேல் தாடையெலும்பு ஆறாப் புண்ணாகக்கூடும். புகையிலையை மட்டுமன்றிப் பாக்கையும் விடவேண்டும். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே.

மார்பகப் புற்று

அக்குளில் நெறிக்கட்டிகள் அகற்றப்பட்டவருக்கு அப்பக்கத்துக் கை வீங்கக்கூடும். அதற்கஞ்சிக் கையை முடக்கிவிடலாகாது. மருத்துவர் கற்பித்த பயிற்சிகளைச் செய்து, சிறுகச் சிறுக வேலையைக் கூட்டவேண்டும். களை பறிக்கையில் கையுறை அணிதல் நன்று. முள் குத்திய இடம் சிவந்து காய்ச்சல் கண்டால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுக. சிலருக்கு ஐந்தாண்டோ, அதற்கு மேலோ மாத்திரை தரப்படும். உடல் தேறிவிட்டதென்று தாமாக நிறுத்துதல் ஆபத்து.

ஊரின் கடமை

குணமடைந்தவருக்குத் தனித் தம்ளர் வைப்பதும், திண்ணையிலே ஒதுக்குவதும், சுபகாரியங்களுக்கு அழையாதிருப்பதும் சில இடங்களில் இன்றும் நடைபெறுகின்றன. புற்றுநோய் தொற்றுநோயன்று. உடன் உண்பதாலோ, தொடுவதாலோ அது பரவாது. இந்த அச்சத்தினால் நோயை மறைப்போர், காலங்கடந்தே மருத்துவரிடம் செல்கின்றனர், உயிரையும் இழக்கின்றனர்.

ஆகவே, பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இத்தகையோரின் வீட்டுக்குச் சென்று அமர்ந்து, ஒரு வாய் நீர் வாங்கிப் பருகுவார்களாக. நூறு பிரசங்கங்களைவிட அச்செயல் ஊருக்கு நன்கு பாடம் புகட்டும். இவர்தம் வலுவுக்கேற்ற வேலையும், பரிசோதனைக்குச் செல்லத் துணையும் கிடைக்கச் செய்வது நம் அனைவரின் பொறுப்பாகும்.