இறைச்சிக் கோழியின் குடல் நலமும் நற்கிருமித் தீவனமும்

கோழி வளர்ப்பில் செலவின் பெரும்பகுதி தீவனத்திற்கே என்பதை அங்கத்தினர்கள் யாவரும் அறிவர். அத்தீவனம் இறைச்சியாவதும் எச்சமாய் வீணாவதும் குடல் நலத்தைப் பொறுத்தவை. ஆகவே, ‘புரோபயாட்டிக்’ என்று விற்கப்படும் நற்கிருமித் தூளைச் சங்கம் வாங்கலாமா என்பதை இங்கே ஆராய்வோம்.

நற்கிருமிகளின் வேலை

தாயோடு கிளறித் திரியும் நாட்டுக்கோழிக் குஞ்சு, நற்கிருமிகளைத் தாயிடமிருந்தே பெற்றுவிடுகிறது. பொரிப்பகத்துக் குஞ்சுக்கு அவ்வாய்ப்பு இல்லை. புழுதி விதைப்பு நடக்கும் நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் பயிர் முந்தியதா, களை முந்தியதா என்பதே விளைச்சலைத் தீர்மானிக்கும். குஞ்சின் குடலும் அத்தகைய நிலமே. நற்கிருமிகள் முந்தி இடம்பிடித்தால், லாக்டிக் அமிலம் முதலியவற்றை உண்டாக்கித் தீய கிருமிகள் பெருகாமல் தடுக்கும். வளர்ந்த கோழியின் குடற்பொருளைக் குஞ்சுகளுக்குப் புகட்டினால் அவை சால்மொனெல்லாக் கிருமியை எதிர்த்து நிற்கின்றன என்று பின்லாந்தின் நூர்மி, ரான்டாலா என்னும் இருவர் 1973-இல் காட்டினர்.

முன்னர், வளர்ச்சிக்கென ஆண்டிபயாட்டிக் மருந்தைத் தீவனத்தில் சிறிது சிறிதாகக் கலக்கும் வழக்கம் பரவியது. அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றி மனிதரையும் அடைகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் அவ்வழக்கத்தை 2006-இல் நிறுத்தியது. மருத்துவமனையில் பிற மருந்துகள் பயன்படாதபோது கைகொடுக்கும் கொலிஸ்டினைக் கோழிக்கும் கோழித் தீவனத்திற்கும் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது.

கையாளும் முறை

1. குஞ்சு வந்த முதல் நாளிலேயே தொடங்குக.

2. குளோரின் கலந்த நீரில் கரைத்தால் நற்கிருமிகள் மடியும். ஆண்டிபயாட்டிக் மருந்தும் அவற்றை அழிக்கக்கூடும்.

3. லாக்டோபேசில்லஸ் வகை வெப்பம் தாங்காது. பேசில்லஸ் வகையின் வித்துகள் தாங்கும். கிருமியின் பெயர், எண்ணிக்கை, காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்பட்ட பொட்டலத்தையே வாங்கிக் குளிர்ந்த இடத்தில் வைத்திடுக.

கடற்கரையினர் கவனத்திற்கு

உப்பு மிகுந்த கிணற்று நீரும், உப்பிட்ட கருவாட்டுத் தூளும் சேர்ந்தால் கோழி மிகுதியாக நீர் பருகும், எச்சம் இளகும், கூளம் ஈரமாகும். ஈரக் கூளத்தில் இரத்தக் கழிச்சல் நோய் எளிதில் பரவும். மணலில் அசுத்தமாய் உலர்த்திய மீனில் சால்மொனெல்லாவும் இருக்கக்கூடும். நல்ல நீர், உப்பிடாது சுத்தமாய் உலர்த்திய மீன், காய்ந்த கூளம் ஆகிய மூன்றும் இல்லாத கொட்டகையில் நற்கிருமித் தூளுக்கு இடும் பணம் வீணே. நோய் கண்டபின் இத்தூள் மருந்தாகாது. கால்நடை மருத்துவரையே நாட வேண்டும்.

கணக்குப் பார்த்து வாங்குக

ஒரே நாளில் வந்த குஞ்சுகளை இரு சம பிரிவாக்கி, ஒன்றிற்கு மட்டும் தூளைக் கொடுத்து, தீவனம், எடை, சாவு ஆகியவற்றைத் தனித்தனியே குறித்திடுக. உதாரணமாக, ஒரு கிலோ எடைக்குத் தீவனம் 50 கிராம் மிச்சமாயிற்று என்றும், தீவனம் கிலோ 40 ரூபாய் என்றும் கொள்வோம். 2 கிலோக் கோழிக்கு மிச்சம் 4 ரூபாய். தூளின் செலவு அதற்கு மேற்பட்டால், சாவு குறைந்திருந்தாலன்றி, நட்டமே. இரண்டு மூன்று தொகுதிகளில் இவ்வாறு சோதித்து, அங்கத்தினர்களின் குறிப்பேடுகளை ஒப்பிட்ட பின்னரே மொத்தக் கொள்முதலுக்குச் சங்கம் தீர்மானம் இயற்றுவது நலம்.