ஓடும் பெண்களுக்குத் துணை நிற்போம்

ஊரில் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. எல்லோரும் ஓடுகிறவர்களைப் பார்க்கிறோம். முதலில் வந்தது யார் என்று கேட்கிறோம். பாதையில் கிடந்த முள்ளைப் பொறுக்கியது யார்? தண்ணீர்க் குடத்தை நிரப்பியது யார்? பெயர்களை எழுதியது யார்? இதை யாரும் கேட்பதில்லை. இந்தப் பாடம் அவர்களைப் பற்றியது. அடுத்த முறை அந்த வேலையை நீங்களே செய்யலாம்.

பெண் பிள்ளைகளுக்கென்று தனியாக ஓட்டம் நடத்துவது நல்ல வழக்கம். ஜனவரி 24 தேசியப் பெண் குழந்தைகள் தினம். ஆகஸ்டு 29 தேசிய விளையாட்டு தினம். இந்த நாட்களை ஒட்டி நடத்தலாம்.

எதற்காகத் தனி ஓட்டம்? பத்து வயது வரை பெண் பிள்ளை தெருவில் ஓடி விளையாடுகிறாள். பிறகு நிறுத்திவிடுகிறாள். அவளாக நிறுத்தவில்லை. நாம் நிறுத்தச் சொல்கிறோம். மெதுவாக நட என்கிறோம். சத்தமாகப் பேசாதே என்கிறோம். கொஞ்ச நாளில் எதைக் கேட்டாலும் "என்னால் முடியாது" என்று அவளே சொல்லப் பழகிவிடுகிறாள்.

பெயர் சேர்க்க வீடு வீடாகப் போனால் இப்படித்தான் பேச்சு நடக்கும்.

"டீச்சரம்மா, அவள் வயதுக்கு வந்த பெண். ஓடினால் உடம்புக்கு ஆகாதே!"

"அக்கா, நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிறோம். தலையில் விறகு சுமக்கிறோம். அதெல்லாம் ஆகிறது. ஓடினால் மட்டும் ஆகாதா?"

"நாலு பேர் பார்ப்பார்களே?"

"நீங்களும் வாருங்கள். பார்க்கிற நாலு பேரில் நீங்களும் ஒருவராக இருங்கள்."

இந்தப் பயம் நம் ஊரில் மட்டும் இல்லை. உலகம் முழுவதும் இருந்தது. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். பெண்களுக்கு இது தாங்காது என்று சொல்லி அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். மறுபடி சேர்த்தது 1960-இல். நடுவில் 32 ஆண்டுகள் போய்விட்டன! 1967-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டம் நடந்தது. 42 கிலோமீட்டர் தூரம். காத்ரின் ஸ்விட்சர் என்ற 20 வயதுப் பெண் அதில் ஓடினார். பாதி வழியில்கூட இல்லை, தொடக்கத்திலேயே ஓர் அதிகாரி ஓடி வந்தார். அவர் அணிந்திருந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். ஸ்விட்சர் நிற்கவில்லை. முழுத் தூரமும் ஓடி முடித்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-இல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில்.

அதே ஆண்டு, அதே ஊரில்தான் நம் பி.டி. உஷாவும் ஓடினார். 400 மீட்டர் தடை ஓட்டம். மூன்றாவதாக வந்தவருக்கு ஆன நேரம் 55.41 விநாடி. உஷாவுக்கு 55.42 விநாடி. ஒரு விநாடியை நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் வித்தியாசம். பதக்கம் கை நழுவியது. அவர் ஓடுவதை விடவில்லை. 1986-இல் சியோல் ஆசியப் போட்டியில் 4 தங்கம் வென்றார்.

உஷா கேரளத்தில் பய்யோலி என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 1976-இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கு விளையாட்டுப் பள்ளி தொடங்கியது. அங்கே சேர்ந்த சிறுமிகளில் அவரும் ஒருவர். யாரோ பள்ளி திறந்தார்கள், யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் ஓடினார். 2002-இல் அவரும் பெண் பிள்ளைகளுக்காக ஓட்டப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்.

இனி வேலைக்கு வருவோம்.

பிள்ளைகளைத் திடீரென்று ஒரு நாள் ஓட விடக் கூடாது. ஆறு, எட்டு வாரம் பழக வேண்டும். வாரம் மூன்று நாள் போதும். முதலில் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. வாரம் போகப் போக நடை குறையும், ஓட்டம் கூடும். போன வாரம் முடியாதது இந்த வாரம் முடிகிறது என்பதை அவளே பார்ப்பாள். என்னைக் கேட்டால், பந்தய நாளைவிட இந்த வாரங்கள்தான் முக்கியம்.

ரத்தசோகையையும் கவனிக்க வேண்டும். 2019 முதல் 2021 வரை அரசு நடத்திய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை இருந்தது. கொஞ்சம் ஓடியதும் மூச்சு வாங்குகிறதா? தலை சுற்றுகிறதா? சோம்பேறி என்று திட்டாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுப்பார்கள். கீரை, பயறு, வெல்லம் மட்டும் போதாது. மாத்திரையையும் விழுங்க வேண்டும்.

பாதையை அளப்பது எளிது. 20 மீட்டர் கயிறு ஒன்று எடுங்கள். 50 முறை வைத்து அளந்தால் 1 கிலோமீட்டர். திருப்பங்களில் சுண்ணாம்புப் பொடியால் அம்புக்குறி போடுங்கள். முதல் நாள் மாலையே முள், கண்ணாடிச் சில் எல்லாம் பொறுக்கிவிட வேண்டும். பல பிள்ளைகள் வெறுங்காலோடுதான் ஓடுவார்கள். சாலை குறுக்கிடும் இடத்தில் அப்பாக்களும் அண்ணன்களும் நிற்கட்டும். வண்டியை நிறுத்தவும் ஆள் வேண்டும், கேலி பேசுகிறவர்களை அனுப்பவும் ஆள் வேண்டும்.

காலை 6 மணிக்குத் தொடங்கிவிடுங்கள். விருந்தினர் வரவில்லை என்று பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைப்பது பெரிய அநியாயம். பேச்சு எல்லாம் ஓட்டம் முடிந்த பிறகு இருக்கட்டும்.

யாராவது மயங்கினால் கூட்டம் கூடக் கூடாது. நிழலில் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். நினைவு திரும்பும் வரை வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே தெளியவில்லை என்றால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

எழுதும் வேலை உங்களுடையது. புதிதாகப் படிக்கக் கற்ற அம்மாக்களே இதற்குச் சரியான ஆள். பதிவேட்டில் பெயர், வயது, எண் எழுத வேண்டும். துணியில் எண்ணைப் பெரிதாக எழுதி ஊக்கால் குத்திவிட வேண்டும். முடிவுக் கோட்டில் வருகிற எண்ணைப் படித்து, பதிவேட்டில் பெயரைத் தேடி, உரக்கக் கூப்பிட வேண்டும். இன்னார் மகள், இன்னார் தங்கை என்றே கேட்டுப் பழகிய பெண், தன் பெயரை ஊர் நடுவில் கேட்பாள். எழுத்து மெதுவாக வருகிறதா? இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் எண்ணைப் படிக்கட்டும், மற்றவர் எழுதட்டும்.

கடைசியாக வருகிற பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் அக்கா கூடவே வர வேண்டும். அவள் வந்து சேரும் வரை கோட்டை அழிக்காதீர்கள். பதிவேட்டை மூடாதீர்கள். அவள் பெயரையும் அதே சத்தத்தில் கூப்பிடுங்கள்.

கணக்கு போடுவோம்:
20 மீட்டர் கயிற்றால் 3 கிலோமீட்டர் அளக்க வேண்டும். எத்தனை முறை வைப்பீர்கள்?
45 பேர் ஓடுகிறார்கள். ஒருவருக்கு 4 ஊக்கு. மொத்தம் எத்தனை ஊக்கு வாங்க வேண்டும்?
உங்கள் தெருவில் ஓடக்கூடிய பெண் பிள்ளைகளின் பெயர்களை எழுதுங்கள்.